வந்து ஆறிய மூலை

ஊர்ப் பெயர்களைப் பிரித்துப் பொருள் பார்ப்பது நம்மவர்க்கு ஒரு பழைய பொழுதுபோக்கு. மட்டக்களப்பிலிருந்து வடக்கே திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்து சென்றால் வந்தாறுமூலை என்னும் ஊர் வருகிறது. அப்பெயரை எப்படிப் பிரித்தாலும் "வந்து ஆறும் மூலை" என்றுதான் என் காதில் விழுகிறது. களைத்து வந்தவன் இளைப்பாறும் இடம் என்று பொருள் கொள்ளலாம். சொல்லாராய்ச்சி வல்லார் வேறு பொருள் கூறினும் கூறுக. எங்கள் மோட்டார் வண்டியைப் பொறுத்தவரையில் அது முற்றிலும் பொருத்தமான பெயராயிற்று. வண்டி வந்தது, ஆறியது, மூன்று நாட்கள் ஒரு மூலையிலேயே நின்றது. அந்த மூன்று நாட்களில் நான் கற்றுக்கொண்டதை வாசகர்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரயாணத்தின் காரணம்

என் தங்கையின் மகளுக்கு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. கொழும்பில் வசிக்கும் என் மைத்துனர், மகளைத் தாமே கொண்டுபோய் விடுதியில் சேர்ப்பதென்று தீர்மானித்தார். அந்தப் பகுதியை நன்கறிந்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். புகைவண்டியில் போகலாம் என்றேன். அவர் இணங்கவில்லை. சில மாதங்களுக்கு முன்னர்தான் அவர் ஜேர்மன் நாட்டு மோட்டார் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறிய விதத்தை நம் குடும்பங்கள் நன்கறியும். அத்தகைய சந்தையில் இவ்வளவு அழகான வண்டி தமக்குக் கிடைத்தது பூர்வ புண்ணியம் என்று அவர் நம்பினார்.

சாமான்களை ஏற்றும்போது ஒரு குறை என் கண்ணிற் பட்டது. பின்பெட்டியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தேன்; மேலதிகச் சில்லு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

"மச்சான், ஸ்பெயார் சில்லு எங்கே?" என்று கேட்டேன்.

"இந்த வண்டிக்கு அது தேவையில்லை, மச்சான். காற்றுப் போனாலும் ஓடக்கூடிய ரயர் பூட்டியிருக்கிறது. அந்த இடம் பிள்ளையின் புத்தகப் பெட்டிக்கு உதவும்" என்றார் அவர், பெருமையோடு.

மெத்தை, தலையணை, வாளி, புத்தகங்கள், என் தங்கை கட்டிக்கொடுத்த பலகாரம் எல்லாம் அந்தப் பெட்டியில் அடங்கின. மகளுக்கு மட்டக்களப்பில் ஒரு மடிக்கணினி வாங்கித் தருவதற்கென்று தங்கை சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் மைத்துனரின் சட்டைப்பையில் இருந்தது. அந்தப் பணத்தின் கதையும் பின்னால் வரும்.

புணாணைக் காட்டில்

ஹபரணையையும் பொலநறுவையையும் தாண்டி, மனம்பிட்டியில் மகாவலி கங்கையைக் கடந்தோம். முன்னாளில் இவ்விடத்தில் புகைவண்டியும் மோட்டாரும் ஒரே இரும்புப் பாலத்தை மாறி மாறிப் பயன்படுத்தின. இப்பொழுது மோட்டார்களுக்குத் தனிப்பாலம் உண்டு. வெலிக்கந்தைக்கு அப்பால் தெருவின் இருமருங்கும் காடு. மாலையில் யானைகள் தெருவைக் கடக்கும் பகுதி இது. சிறிது தூரத்தில் புணாணை. 1924ஆம் ஆண்டிலே இவ்வட்டாரத்தை நடுங்க வைத்த ஆட்கொல்லிச் சிறுத்தையை ஷெல்டன் ஏகர் என்னும் வேட்டைக்காரர் சுட்டு வீழ்த்தியது இங்கேதான். அந்தக் கதையை மருமகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், மைத்துனரின் முன்னுள்ள தட்டில் மஞ்சள் விளக்கொன்று எரிந்தது. பின்பக்கத்து இடச் சில்லில் காற்று இறங்குகிறது என்பது அதன் பொருள்.

இறங்கிப் பார்த்தோம். நான்கு சில்லுகளும் ஒன்றுபோலவே நின்றன. எந்த ரயரும் சப்பையாகவில்லை. கண்ணால் பார்த்து எது பழுதானது என்று சொல்லவே முடியவில்லை. மைத்துனர் என்னை வெற்றியோடு நோக்கினார். மீண்டும் ஏறிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, ஓட்டமாவடி, வாழைச்சேனை, கிரான், சித்தாண்டி என்று ஊர் ஊராகக் கடந்து, விடுதிப் பொறுப்பாளர் காரியாலயத்தைப் பூட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பாகப் பல்கலைக்கழக வாயிலை அடைந்துவிட்டோம்.

நியாயமாகப் பேசவேண்டுமல்லவா? சாதாரண ரயராக இருந்திருந்தால், யானைக் காட்டில், இருள் கவியும் நேரத்தில், சாமான்களையெல்லாம் தெருவில் இறக்கிவைத்து, ஜக்கைக் கொடுத்துச் சில்லு மாற்றியிருக்க வேண்டும். அந்தத் தொல்லையிலிருந்து இந்த ரயர் எங்களைக் காப்பாற்றியது. ஓடும் வேகத்தில் ரயர் வெடித்தாலும் வண்டி நிலைதடுமாறாமல் இருப்பது இதன் மற்றொரு பெருமை. அந்த நன்றியை மறக்காமலே மற்றவற்றைச் சொல்கிறேன்.

ஒட்டுப் போட மறுத்தவர்

மறுநாட் காலையில், பெருந்தெருவோரத்தில் ரயர் ஒட்டும் கடையொன்றைத் தேடிப் போனோம். தகரக் கொட்டகை, வாசலில் உழவு இயந்திரத்தின் பெரிய சில்லுகள் இரண்டு, தண்ணீர் நிரம்பிய ஒரு பாதி பீப்பாய். கடைக்காரர் ஐம்பது வயதைக் கடந்தவர். சில்லைக் கழற்றிச் சுற்றிப் பார்த்து, ஓர் ஆணியை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"இந்த ரயரின் பக்கச் சுவர் கல்லுப்போலக் கிடக்கு. கம்பி வைத்துக் கிளப்பினால் விளிம்பு போயிடும், சேர்" என்று மைத்துனரிடம் சொல்லி, செங்கலடியில் இயந்திரம் வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் எங்களை அழைத்துச் சென்றார். அங்கேயும் இருவர் சேர்ந்து வியர்வை சிந்திய பின்னரே ரயர் இரும்பை விட்டுக் கழன்றது. உள்ளே கையை விட்டுத் துழாவிய கடைக்காரர், கையை வெளியே எடுத்துக் காட்டினார். விரல்களெல்லாம் கரிபோன்ற இறப்பர்த் தூள்.

"பாருங்க ஐயா, வெளியிலே புதுசு, உள்ளுக்குத் தேய்ஞ்சு போச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆணியைப் பிடுங்கி ஒட்டுப் போடுறது எனக்குப் பத்து நிமிஷ வேலை. ஆனால் காத்தில்லாமல் இவ்வளவு தூரம் ஓடி வந்த ரயர் இது. நான் ஒட்டித் தந்து, மறுகா வழியிலே வெடிச்சால் அந்தப் பாவம் எனக்குத்தானே?"

கூலியை மறுத்து உண்மையைச் சொன்ன அவரை நான் வணங்கினேன். பின்னர் படித்துப் பார்த்தபோது, அவர் சொன்னதையே பெரிய ரயர்த் தொழிற்சாலைகளும் சொல்கின்றன என்று கண்டேன்.

ரயரின் இரகசியம்

சாதாரண ரயரில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது இறப்பர் அன்று. உள்ளே அடைபட்ட காற்று. காற்றுப் போனதும் பக்கச் சுவர் மடிந்து, சில்லின் இரும்பு விளிம்பு அதனை நறுக்கிவிடுகிறது. 'ரன்பிளாட்' எனப்படும் ரயரில், பக்கச் சுவருக்குள்ளே வெப்பந் தாங்கும் தடித்த இறப்பர்ப் பட்டை ஒன்றை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்று இல்லாதபோது இந்தச் சுவரே தூண்போல் நின்று பாரத்தைத் தாங்குகிறது. ஆனால் அது என்றென்றைக்கும் தாங்குவதன்று. மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்தில், ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரம் என்பதே பொதுவாகக் கூறப்படும் எல்லை. பாரம் மிகுந்தால் அதுவும் குறையும். காற்றின்றி ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் சுவர் வளைந்து நிமிர்கிறது, அதனால் சூடேறுகிறது, உட்புறம் உரைந்து தூளாகிறது. இந்தச் சேதம் வெளியே தெரிவதில்லை. ஆகையால், காற்றின்றி ஓடிய ரயரைத் திருத்தாமல் மாற்றிவிடுமாறு தயாரிப்பாளர் பலர் அறிவுறுத்துகின்றனர். ஓர் ஆணி குத்தியதற்கு ஒரு ரயரே பலியாகிறது.

வேறு குறைகளும் உண்டு. சுவர் தடித்திருப்பதால் பாரம் அதிகம், அசைவு கடினம். செப்பனிட்ட நெடுஞ்சாலையில் இது தோன்றாது. மாரி வெள்ளத்தில் அரிக்கப்பட்ட கிராமத்துத் தெருவிலே ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் வந்து மோதுகிறது; சில சமயம் சில்லின் உலோக வளையமே வெடித்துவிடுகிறது. காற்றுப் போனது கண்ணுக்குத் தெரியாதாகையால், காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் கருவி வண்டியில் இருந்தே தீரவேண்டும். பல வண்டிகளில் அக்கருவி சில்லுக்குள்ளேயே இருக்கிறது. பழக்கமில்லாதவர் ரயரைக் கழற்றினால் அதுவும் உடையும்.

ஒரு பழைய ஆசை

காற்றடைத்த சில்லுக்கு 1845இல் உரிமைப் பத்திரம் பெற்றவர் ரொபர்ட் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். அது மறக்கப்பட்டுவிட, 1888இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான ஜோன் பொயிட் டன்லப் தம் மகனின் முச்சக்கர வண்டிக்காக அதனை மீண்டும் கண்டுபிடித்தார். காற்றின் சுகத்தை அநுபவித்த நாள்முதலே, காற்றுப் போகாத சில்லு வேண்டும் என்ற ஆசையும் மனிதனுக்கு உண்டாயிற்று.

1970களில் டன்லப் கம்பனி 'டெனோவோ' என்ற பெயரில் ஒன்றைக் கொணர்ந்தது, அது நிலைக்கவில்லை. 1987இல் யப்பானின் பிரிட்ஜ்ஸ்ரோன் கம்பனி, போர்ஷ் 959 என்னும் பந்தய வேக வண்டிக்கு இத்தகைய ரயரைச் செய்து கொடுத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பனி தன் வண்டிகள் பலவற்றில் மேலதிகச் சில்லை நீக்கிவிட்டு இதனைப் பூட்டலாயிற்று. பிரான்சின் மிச்செலின் கம்பனி வேறொரு வழியில், சில்லுக்குள்ளே தாங்கு வளையம் வைத்து 'பாக்ஸ்' என்ற முறையை அமைத்தது. 2005 முதல் அமெரிக்காவில் ஹொண்டா ஒடிசி வண்டியின் உயர்ந்த வகைகளில் அது பூட்டப்பட்டது. மாற்றுவதற்குத் தனிக் கருவி, தனிப் பயிற்சி, தனிச் சில்லு. செலவோ மிக அதிகம். வாங்கியவர்கள் நீதிமன்றம் வரை சென்றனர். அம்முறையும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. மூலைக்கு மூலை ரயர்க் கடையுள்ள அமெரிக்காவிலேயே இந்த நிலை என்றால், வந்தாறுமூலையில் நாங்கள் தவித்ததில் வியப்பென்ன?

கணக்கும் கவலையும்

மைத்துனர் கொழும்புக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்த அளவுள்ள ரன்பிளாட் ரயர் மட்டக்களப்பு நகரத்துக் கடைகளில் இல்லை. கொழும்பில் ஒரு கடையில் இருந்தது. ஆனால் ஒன்றை மாத்திரம் மாற்றுவது நன்றன்று, ஒரே அச்சிலுள்ள இரண்டும் ஒரே அளவு தேய்மானமுடையனவாக இருத்தல் வேண்டும் என்றார்கள். அது வியாபாரத் தந்திரம் மட்டுமன்று. ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தேய்ந்ததுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் மழையிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே ஆணி குத்தியது ஒன்று, மாற்றவேண்டியவை இரண்டு.

ரன்பிளாட் ரயரின் விலை, அளவையும் தயாரிப்பையும் பொறுத்து, சாதாரண ரயரைவிடப் பொதுவாக மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை கூடுதலாக இருக்கும். நம் நாட்டில் இதற்கு மேலே நாணயத்தின் சுமையும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. நூறு டொலர் பெறுமதியான ஒரு ரயர், ஒன்றும் செய்யாமல் இருந்த இடத்திலேயே 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாக வளர்ந்தது! பின்னர் டொலர் 300 ரூபாவை அண்டி இறங்கியபோதும், பழைய விலை திரும்பி வரவில்லை. இத்துடன் தீர்வையும் வரியும் கடைக்காரரின் இலாபமும் சேரும்.

கொழும்பிலிருந்து சொல்லப்பட்ட தொகையைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த மைத்துனரின் முகம் வாடியது. கை தானாகவே சட்டைப்பையைத் தொட்டது. அதிலிருந்தது மகளின் கணினிப் பணம்.

ஆறிய நாட்கள்

அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஊரைப் பார்த்தேன். பெரும்போக வயல்கள் கதிர் சாய்ந்து பொன்னிறமாக நின்றன. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, ஏறாவூர், செங்கலடிப் பக்கமாக வடக்கே கையை நீட்டுகிறது. அதன் கிழக்கே எழுவான்கரை. மேற்கே வயலும் பட்டியுமாகப் படுவான்கரை. பாடும் மீன்களின் புகழ் நகரத்துப் பாலத்தடிக்கு உரியது. இங்கே நான் கேட்டது நீர்க்காகங்களின் சிறகொலியும் தோணியில் துடுப்பு உரசும் ஓசையுமே. காலையில் மகாவிஷ்ணு ஆலயம், மாலையில் சித்தாண்டி முருகன் சந்நிதி. மதியச் சோற்றுக்குச் சட்டியில் உறைந்த எருமைத் தயிர்.

பல்கலைக்கழகத்தையும் சுற்றி வந்தேன். 1981 ஆகஸ்ற் 1ஆந் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டிடங்களில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது இது. 1986 ஒக்ரோபர் 1இல் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 செப்ரெம்பரில் இவ்வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டு, மீண்டு வராமற் போன துயரையும் இந்த மரங்கள் கண்டிருக்கின்றன. அத்தனைக்கும் பிறகு, அதே மரநிழலில் பிள்ளைகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் காட்சி நெஞ்சை நிறைத்தது. என் மருமகளும் அவர்களில் ஒருத்தியாக இருந்தாள்.

எங்கள் சங்கடத்தை அவள் எப்படியோ அறிந்துவிட்டாள். "அப்பா, முதலில் ரயரை வாங்குங்கள். கணினி பிறகு வாங்கலாம். நூலகத்தில் இருக்கிறது, நான் அதில் வேலை செய்வேன்" என்றாள். மைத்துனர் பதில் சொல்லாமல் வாவிப் பக்கம் திரும்பி நின்றார்.

இறப்பர் விளையும் நாடு

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 1876இல் பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகளை ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டு வளர்த்த நாடு இது. 1952இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கிய நாடு. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் ரயர்த் தொழிற்சாலை கண்ட நாடு. காற்றே வேண்டாத திண்ம ரயர்களைத் தொழிற்சாலைப் பாரந்தூக்கிகளுக்காகச் செய்து உலகெங்கும் அனுப்புவதில் இலங்கை இன்று முன்னணியில் நிற்கிறது. ஆனாலும், ஓர் ஆணி குத்திய ஜேர்மன் வண்டிக்கு ஒரு ரயர் தேடி நாங்கள் மூன்று நாட்கள் காத்திருந்தோம்.

கடைக்காரர் காட்டிய வழி

வழியைச் சொன்னவர் மீண்டும் அந்த ஒட்டுக் கடைக்காரர்தான். "அளவு சரியாக இருந்தால் சாதாரண ரயர் போடலாம், சேர். நாலையும் ஒன்றாக மாத்துங்க. ரெண்டு வகையைக் கலக்காதீங்க. பழைய சில்லு ஒன்றும் தேடி எடுத்து, ஸ்பெயாராக வைச்சுக்கொள்ளுங்க" என்றார்.

அதற்கும் நிபந்தனைகள் உண்டு. புதிய ரயர் தாங்கும் பாரமும் வேகமும் வண்டிக்குக் குறிக்கப்பட்ட அளவிற்குக் குறையக்கூடாது. ரன்பிளாட்டுக்கென்றே அமைந்த வண்டியின் ஓட்டம் சிறிது மாறித் தோன்றலாம். வண்டியோடு வந்த கைநூலைப் பார்த்து, தெரிந்தவரிடம் கேட்டுச் செய்வதே நன்று. ஜக்கும் சாவியும் புதிதாக வாங்கவேண்டும். அந்த வண்டியில் அவையும் இல்லை.

கணக்குப் போட்டோம். இரண்டு ரன்பிளாட் வாங்கும் பணத்தில் சாதாரண ரயர் மூன்று வாங்கலாம். நான்கு வாங்கினால் இன்றைக்குச் செலவு சற்றுக் கூடும். ஆனால் அடுத்த ஆணிக்கு ஓர் ஒட்டுக் கூலியோடு தப்பலாம். மட்டக்களப்பு நகரத்தில் அந்த அளவில் நான்கு சாதாரண ரயர்கள் கிடைத்தன. கணினிப் பணம் அதிற் கரைந்தது. பழுதாகாத மூன்று பழைய ரயர்களில் நல்லவை இரண்டைக் கொழும்பில் அதே வகை வண்டி வைத்திருந்த ஒருவர் பின்னர் வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இரண்டு மாதம் பிந்தியேனும் மருமகளுக்குக் கணினி வந்து சேர்ந்தது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை

இந்த ரயர் கெட்டதென்று நான் சொல்ல வரவில்லை. 80 கிலோமீற்றருக்குள் அதே ரயரை வைத்திருக்கும் கடையும், அதனை மாற்றும் இயந்திரமும், மாற்றுவதற்குப் பணமும் உள்ள தேசத்திற்காக அது செய்யப்பட்டது. வந்தாறுமூலையிலிருந்து கொழும்போ ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர். பொருள் நல்லதாயினும் ஊருக்குப் பொருந்தவேண்டும். ஆகையால் பழைய வண்டி வாங்குவோர் எஞ்சினையும் வர்ணத்தையும் மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், பின்பெட்டியின் அடித்தட்டையும் தூக்கிப் பாருங்கள். மேலதிகச் சில்லு இல்லையென்றால், ரயரின் பக்கத்தில் எழுதியுள்ள அளவைக் குறித்துக்கொண்டு, அதன் விலையை இரண்டாற் பெருக்கி, வண்டியின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் மைத்துனரின் பின்பெட்டியில் ஐந்தாவது சில்லு ஒரு சாக்கில் கட்டுண்டு கிடந்தது. அதற்கென்று அமைந்த இடம் இல்லாமையால் ஒவ்வொரு திருப்பத்திலும் "தடார்" என்று உருண்டு பக்கத்தில் மோதியது. முன்பாயிருந்தால் அந்தச் சத்தத்திற்கு அவர் முகஞ் சுளித்திருப்பார். புணாணைக் காட்டைக் கடக்கும்போது, "சத்தம் கேட்கிறதா, மச்சான்? சில்லு இருக்கிறது" என்றார், மிகவும் நிம்மதியாக.